தொப்பியும் கைத்தடியும்

சார்லி சாப்ளினின் தொப்பியையும் கைத்தடியையும் கண்டு சிரிக்காதவர் நம்மில் யார்? அவற்றின் பின்னே உள்ள கண்ணீர்க் கதையைச் சற்றே காண்போம்.

1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த சாப்ளின், வறுமையின் கொடுமையால் ஏழாம் வயதிலேயே தாயுடனும் அண்ணனுடனும் லண்டன் ஏழையர் விடுதியில் சேர்ந்தார். தாய் ஹன்னா மேடைப் பாடகி. சன்னலருகே நின்று, தெருவில் போவோரைப் போலவே நடித்துக் காட்டுவார். அதுவே மகனுக்கு முதற் பள்ளிக்கூடம். பின்னர் அந்த அன்னை மனநோய்க்கு ஆளானார்.

1914-ல் அமெரிக்காவில் படமொன்றுக்கு உடை தேடிய சாப்ளின், ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றையே தேர்ந்தெடுத்தார். தொளதொளத்த கால்சட்டை, இறுக்கமான கோட்டு, சிறிய தொப்பி, பெரிய காலணிகள்! இளமுகத்தை மறைக்க ஒட்டு மீசை. ஏழையாயினும் கனவானைப் போல் நிமிர்ந்து நடக்கும் நாடோடி இவ்வாறு பிறந்தான்.

புகழும் பொருளும் வந்தபின் சாப்ளின் தாயை மறக்கவில்லை. 1921-ல் தம்மிடம் வரவழைத்து, 1928-ல் அவர் கண்மூடும் வரை பேணினார். 1972-ல் முதியவராய் ஆஸ்கார் மேடையேறியபோது தொப்பியும் கைத்தடியும் மீண்டும் அவர் கைக்கு வந்தன. 1977-ல் கிறிஸ்துமஸ் நாளன்று சுவிட்சர்லாந்தில் மறைந்தார்.

பொருந்தாத உடை அணிந்தவரைக் கண்டு நகைக்கு முன், அவ்வுடைக்குள் இருக்கும் மனிதரை நாம் காண்போமாக!