ஆறு மண்டலங்களின் சுடர்மையம்

வானியலறிஞர் கார்ல் சீபேர்ட், 1911ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் பிறந்தார். மருத்துவராகும் எண்ணத்துடன் ஹாவார்ட் பல்கலைக்கழகம் புகுந்த அவ்விளைஞரை, பார்ட் பொக் என்னும் அறிஞரின் விரிவுரை விண்ணை நோக்கித் திருப்பிவிட்டது. ஹார்லோ ஷாப்ளியின் மேற்பார்வையில் ஆய்வு நிகழ்த்தி, 1936இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1940 முதல் 1942 வரை கலிபோர்ணியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் அவர் பணியாற்றினார். சில விண்மீன் மண்டலங்களின் நடுவே, தனி விண்மீன் போன்று ஒரு சிறு புள்ளி பேரொளி வீசுவதை அவர் ஆராய்ந்தார். அவ்வொளியை நிறமாலையாகப் பிரித்தபோது, அதன் ஒளிக்கோடுகள் வியக்கத்தக்கவாறு அகன்றிருந்தன. அங்குள்ள வாயு வினாடிக்குப் பல்லாயிரங் கிலோமீற்றர் வேகத்திற் சுழன்றோடுகின்றது என்பதே அதன் பொருள். இத்தகைய ஆறு மண்டலங்களைப் பற்றிய அவரது கட்டுரை 1943இல் வெளிவந்தது. உலகப் போர் மூண்டிருந்த காலம் அது. கட்டுரை பெருங் கவனம் பெறவில்லை.

1946இல் நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆசிரியரானார். அங்கிருந்ததோ ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்றே. அவர் மனந் தளரவில்லை. நகர வணிகரை அணுகிப் பொருளும் பணமுந் திரட்டி, 1953இல் ஒரு குன்றின்மேல் டையர் வானாய்வகத்தைத் திறப்பித்தார்; 24 அங்குலத் தொலைகாட்டி அங்கே நிறுவப்பட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சியில் வானிலை கூறியும் மக்களுக்கு அறிமுகமானார். 1960 யூன் 13இல், 49ஆம் வயதில், மோட்டார் விபத்தொன்று அவர் உயிரைக் கவர்ந்தது. அச்சுடரின் காரணத்தை அறியாமலே அவர் மறைந்தார்.

மூன்றாண்டுகளின் பின் குவாசர்களின் இயல்பு வெளிப்பட்டது. 1964இற் சால்பீற்றரும் செல்டோவிச்சும், 1969இல் லிண்டன்-பெல்லும் விடையை நெருங்கினர். மண்டலத்தின் மையத்தில் பெருங் கருந்துளை ஒன்று உளது. அதனை நோக்கி விழும் வாயு, வட்டாகச் சுழன்று, வெப்பமேறிச் சுடர்கின்றது.

ஆயினும் வாயு கல்லைப்போல் நேரே விழுவதில்லை. அதன் சுழற்சி அதனை விலக்கியே வைத்திருக்கும். அச்சுழற்சி குறைந்தாலன்றிக் கருந்துளைக்கு இரை கிட்டாது. இங்கேதான் மண்டலத்தின் அமைப்புப் பயன்படுகின்றது. சுருட்கரங்களும், நடுவே விண்மீன்கள் செறிந்த நீள்தண்டும் தம் ஈர்ப்பினால் வாயுவின் சுழற்சியைப் பறித்து, அதனை உள்நோக்கித் தள்ளுகின்றன. சீபேர்ட் வகை மண்டலங்களுட் பெரும்பாலானவை சுருள் வடிவினவாதல் கருதத்தக்கது. எனினும் தண்டுடைய மண்டலங்கள் பலவற்றின் மையம் அமைதியாகவே உள்ளது. தண்டு வாயுவை மையத்தின் அருகுவரையே கொணரும். அப்பால் உட்சுருள்கள் முதலிய நுண்ணமைப்புகளும் வேண்டும். அயல் மண்டலத்தின் மோதலுஞ் சிலவிடத்து வழி திறக்கும்.

2022இல் அந்தாட்டிக்காவின் பனியிற் புதைந்த கருவிகள், என்.ஜி.சி. 1068 என்னும் மண்டலத்திலிருந்து வந்த நியூத்திரினோக்களை இனங்கண்டன. சீபேர்ட்டின் ஆறு மண்டலங்களுள் அதுவும் ஒன்று. காரணந் தெரியாதபோதும் கண்டதைச் செவ்வனே அளந்து வைத்த அவருடைய பெயரை, டையர் குன்றின் தொலைகாட்டி இன்றுந் தாங்கி நிற்கின்றது.