வளைவுக்குப் பக்கத்தில் ஒரு வளைவு: பியர் பெசியேயின் வாழ்க்கை



வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிப் போனால் ஒரகடம். அங்கே 2010-இல் ரெனோ – நிசான் கூட்டு முயற்சியாகத் திறக்கப்பட்ட கார் ஆலையைத் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் அதே ரெனோ கம்பெனியில், பிரான்ஸ் நாட்டில், 42 வருஷம் வேலை பார்த்த ஒருவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஒரு வளைகோட்டைப் போட்டு, அதன் புள்ளியை மவுசால் பிடித்து இழுக்கிறோமே, அந்தப் பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். பெயர் பியர் பெசியே. நம்ம ஊர் வாயில் அது ‘பெஸியர்’ ஆகிவிட்டது!

பெசியே 1910 செப்டம்பர் 1-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா என்ஜினீயர், தாத்தாவும் என்ஜினீயர். 1930-இல் மெக்கானிக்கல் படிப்பை முடித்தார். அதோடு நிற்காமல் 1931-இல் எலெக்ட்ரிக்கல் படிப்பையும் முடித்தார். கையில் இரண்டு பட்டம்! 1933-இல் ரெனோவில் சேர்ந்தபோது கிடைத்த வேலை என்ன தெரியுமா? டூல் செட்டர். மெஷினில் கட்டரை மாட்டி, உயரம் பார்த்து, அளவு சரிபார்த்துக் கொடுக்கும் வேலை. அடுத்த வருஷமே டூல் டிசைன் பக்கம் மாறினார். 1945-இல் அந்த டிசைன் அலுவலகத்துக்கே தலைவரானார்.

டூல் செட்டிங் வேலையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. ஜாபின் ஓரம் ஒரு பாதை, கட்டரின் மையம் ஓடுவது வேறொரு பாதை. இரண்டுக்கும் நடுவே கட்டரின் ஆரம் இருக்கிறது. 20 மி.மீ. விட்டமுள்ள கட்டர் என்றால் மையம் எப்போதும் ஓரத்திலிருந்து 10 மி.மீ. தள்ளித்தான் போக வேண்டும். நாம் ‘ஆஃப்செட்’ என்று சொல்கிறோமே, அது இதுதான். படம் மட்டும் வரைகிறவருக்கு இது ஒரு கமாண்டு. மெஷின் பக்கத்தில் நிற்கிறவருக்கு, தப்பினால் ஜாபே ரிஜெக்ட்!

இரண்டாம் உலகப் போர் முடிந்து ரெனோவின் ‘4சிவி’ என்ற சிறிய கார் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரெஞ்சு கார் அது. அதன் மெக்கானிக்கல் பாகங்களில் பெரும்பாலானவற்றைச் செய்த டிரான்ஸ்ஃபர் மெஷின் வரிசைகளின் வடிவமைப்பு, 1948-இல் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற பெசியேயின் கையில் இருந்தது. ஜாப் தானாகவே ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகரும். ஒரு இடத்தில் துளை, அடுத்த இடத்தில் ரீமிங், அதற்கடுத்து டேப்பிங். 1957-இல் மெஷின் டூல் பிரிவுக்கே இயக்குநரானார். எண்களால் இயங்கும் துளையிடும் மெஷினும் மில்லிங் மெஷினும் அவர் பொறுப்பில் உருவாயின.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. துளை போடுவதற்கு இரண்டு எண் சொன்னால் போதும்: இவ்வளவு தூரம் இப்படி, இவ்வளவு தூரம் அப்படி. ஆனால் காரின் மட்கார்டுக்கு எந்த எண்ணைச் சொல்வது? அது நேர்கோடும் இல்லை, வட்டமும் இல்லை!

அந்தக் காலத்தில் கார் பாடி எப்படி உருவானது என்று பாருங்கள். ஓவியர் ஒரு படம் போடுவார். அதைப் பார்த்துச் சிறிய மாடல் செய்வார்கள். மாடலிலிருந்து அளவெடுத்து, வளைவு ஸ்கேலை வைத்து முழு அளவில் வெட்டுமுகங்கள் வரைவார்கள். அவற்றைப் பார்த்துத் தகடு டெம்ப்ளேட் வெட்டுவார்கள். டெம்ப்ளேட்டுகளை வைத்து மாஸ்டர் மாடல். கடைசியாக அதைப் பார்த்து டை. இப்படி ஒவ்வொரு படியிலும் ஒருவர் கை படும். ஒவ்வொரு கையும் வளைவைக் கொஞ்சம் ‘சரிசெய்து’விடும். கடைசியில் படம் ஒன்று சொல்லும், மாடல் வேறொன்று சொல்லும். எது சரி? அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. திட்டு விழுவது மட்டும் கீழே நிற்கிறவனுக்கு. இது எந்த ஊர்ப் பட்டறைக்கும் பொருந்துகிற கதைதானே?

பெசியே 1960 வாக்கில் இதற்கு ஒரு வழி யோசித்தார். வளைவு எண்களாகவே பிறக்க வேண்டும். வரைகிறவர், மாடல் செய்கிறவர், டை வெட்டுகிறவர் எல்லோரும் அதே எண்களைத்தான் பார்க்க வேண்டும். அதே சமயம் கணக்கு தெரியாத டிராஃப்ட்ஸ்மேனும் அதைக் கையாள முடிய வேண்டும். அவர் கண்டுபிடித்த தந்திரம் எளிமையானது. ஒரு பெட்டிக்குள் ஒரு வளைவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை இழுத்துச் சாய்த்தால் உள்ளே உள்ள வளைவும் சேர்ந்து இழுபடும். ஆகவே வளைவைத் தொட வேண்டாம், பெட்டியை மாற்றினால் போதும்!

இன்றைக்கு நாம் அதை நான்கு புள்ளிகளாகப் படிக்கிறோம். முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் வளைவின் மேலேயே இருக்கும். நடுவில் உள்ள இரண்டும் வெளியே நின்று வளைவைத் தங்கள் பக்கம் இழுக்கும். அவ்வளவுதான்.

கம்பெனி மேலிடம் உடனே கைதட்டிவிடவில்லை. இவ்வளவு நல்ல யோசனை என்றால் அமெரிக்காக்காரர்கள் ஏற்கெனவே செய்திருக்க மாட்டார்களா என்கிற தோரணையில் சந்தேகம் எழுந்தது. பெசியே விடவில்லை. அவருடைய ‘யூனிசர்ஃப்’ அமைப்பு 1968 முதல் நடைமுறைக்கு வந்தது. திரையில் அழகு பார்ப்பதற்காக எழுந்ததல்ல அது. ஒரே எண்களிலிருந்து முழு அளவுப் படமும் வர வேண்டும், மில்லிங் மெஷின் செதுக்கிய மாடலும் வர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

செதுக்க வேண்டும் என்றாலே ஆஃப்செட் வந்துவிடுகிறது அல்லவா? நண்பர்களே, இங்கேதான் நாம் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரு கிராஃப் தாளை எடுங்கள். (0, 0), (0, 80), (160, 80), (160, 0) என்று நான்கு புள்ளிகள் வையுங்கள். இந்த வளைவின் உச்சியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு: முதல் புள்ளி ஒரு பங்கு, நடுப் புள்ளிகள் தலா மூன்று பங்கு, கடைசி ஒரு பங்கு, கூட்டி எட்டால் வகுக்க வேண்டும். விடை (80, 60). இப்போது 20 மி.மீ. வெளியே ஆஃப்செட் வேண்டும் என்று, புள்ளிகளை இணைக்கும் மூன்று கோடுகளையும் 20 வெளியே தள்ளுவோம். புதிய புள்ளிகள் (-20, 0), (-20, 100), (180, 100), (180, 0). மறுபடியும் கணக்குப் போட்டால் உச்சி (80, 75). இரண்டு ஓரங்களிலும் இடைவெளி சரியாக 20. உச்சியில் மட்டும் 15! ஐந்து மி.மீ. எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. ஒரு பெசியே வளைவின் ஆஃப்செட் பொதுவாக இன்னொரு பெசியே வளைவாக இருக்காது. வளைவின் ஒவ்வொரு இடத்திலும் செங்குத்துத் திசையைக் கண்டுபிடித்து அளக்க வேண்டும். அந்தத் திசையின் கணக்கில் ஒரு வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வர்க்கமூலம் வந்தால் பழைய சமன்பாட்டு வடிவம் உடைந்துவிடும். அதனால் மென்பொருள் என்ன செய்கிறது? வளைவைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நெருங்கி வருகிற வளைவைப் பொருத்துகிறது. ஆஃப்செட் சுத்தமாக அமையும்படி வளைவையே தனி வகையாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஃபரூக்கி, சக்காலிஸ் என்ற இருவர் 1990-இல் காட்டினார்கள். பெசியே வகுத்த பாதையில் பிறர் தொடர்ந்து நடந்தார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

இது மெக்கானிக்கல்காரர்கள் சமாசாரம், சிவிலுக்கும் ஆர்க்கிடெக்சருக்கும் எதற்கு என்று நினைக்காதீர்கள். 8000-க்கு 4000 மி.மீ. அளவில் நீள்வட்ட ஹால் ஒன்று. சுவர் 230 மி.மீ. உள்பக்கத்துக்கு 7540-க்கு 3540 என்று இன்னொரு நீள்வட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? நான்கு முனைகளில் சுவர் 230 வரும். இடையில் ஓரிடத்தில் 216-தான் வரும். 14 மி.மீ. குறைவு! உள்பூச்சே 12 மி.மீ. தான். கொத்தனார் செங்கல்லை அடுக்கும்போது இது தெரிந்துவிடும், பதில் சொல்ல வேண்டியவர் படம் போட்டவர். ஆட்டோகேடில் நீள்வட்டத்துக்கு ஆஃப்செட் கொடுத்துப் பாருங்கள். வருவது நீள்வட்டமாக இருக்காது, ஸ்பிளைனாக இருக்கும். மென்பொருளுக்கு இந்த உண்மை தெரியும். நமக்கும் தெரிய வேண்டாமா?

காப்பி செய்து நகர்த்துவதும் ஆஃப்செட் ஆகாது. வளைவை 230 மேலே நகர்த்தினால், அது 45 டிகிரி சாய்ந்து போகும் இடத்தில் சுவர் ஏறக்குறைய 163 மி.மீ. ஆகிவிடும். வட்டத்துக்கும் வட்டவில்லுக்கும் மட்டும் கவலை இல்லை. ஆரத்தைக் கூட்டினால் போதும், குறைத்தால் போதும். ஆகவே தளத்தில் முளை அடித்து, கயிறு பிடித்துக் குறிக்க வேண்டிய சுவரென்றால், ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் வட்டவில்களாலேயே வரைவது நல்லது. ஆஃப்செட் துல்லியமாக இருக்கும், மேஸ்திரியும் வாழ்த்துவார். உள்பக்கம் ஆஃப்செட் செய்யும்போது இன்னொரு கவனமும் வேண்டும். 6 மி.மீ. ஆரமுள்ள உள்வளைவில் 10 மி.மீ. ஆரமுள்ள கட்டர் நுழையாது. நுழைத்தால் ஜாபைக் கடித்துவிடும். திரையில் அதே தப்பு கூர்முனையாகவோ, தன்னையே வெட்டிக்கொள்ளும் கோடாகவோ தெரியும்.

பெசியேயின் பெயரோடு சேர்த்து இன்னொரு பெயரையும் சொல்வதுதான் நியாயம். சிட்ரோயன் என்ற வேறொரு பிரெஞ்சு கார் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்பவர் 1959-லேயே இதே வளைவுக்கு வந்து சேர்ந்திருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பெசியே தன் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அதனால் வளைவுக்குப் பெசியே பெயரும், புள்ளிகளை இணைத்து அதை வரையும் வழிக்குக் காஸ்தெல்ஜோ பெயரும் நிலைத்தன. காஸ்தெல்ஜோ 2022-இல் காலமானார். அறிவைப் பூட்டி வைத்தால் பெயரும் பூட்டுக்குள் போய்விடும் போலும்!

பெசியே 1968 முதல் 1979 வரை பாரிஸில் பேராசிரியராக உற்பத்திப் பொறியியல் கற்பித்தார். 1975-இல் ரெனோவிலிருந்து ஓய்வு. நம்மில் பலர் கடைசி செமஸ்டரோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். அவரோ ஓய்வு பெற்ற பிறகு, 1977-இல், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்! 1985-இல் கணினி வரைகலைத் துறையின் உயரிய கூன்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. 1999 நவம்பர் 25-ஆம் தேதி மறைந்தார். அவர் பெயரில் 2007 முதல் ஒரு விருதும் வழங்கப்படுகிறது.

கார் பாடிக்காகப் பிறந்த அந்த வளைவு இன்று எங்கெல்லாம் இருக்கிறது! கம்ப்யூட்டர் எழுத்துருக்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்து வளைவுகளால் ஆனவை. நம் ‘ழ’வின் சுழியும் ‘ஞ’வின் வளைவும் கூட அப்படித்தான் திரையில் எழுகின்றன.

நண்பர்களே, பெசியே வாழ்க்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு சூத்திரம் மட்டும் அல்ல. வரைகிறவர் வெட்டுகிறவரை நினைத்து வரைய வேண்டும் என்ற பாடம். டூல் செட்டராகத் தொடங்கியவர் கடைசிவரை அதை மறக்கவில்லை. நாளை நாம் ஒரகடத்தில் டை வரைந்தாலும் சரி, படப்பையில் வீட்டுக்குப் பிளான் போட்டாலும் சரி, வளைவுக்கு ஆஃப்செட் கொடுத்த பிறகு நாலைந்து இடத்தில் செங்குத்தாக அளந்து பார்த்துவிட்டுப் பிரின்ட் கொடுப்போம். அளந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். சுவரை இடித்துக் கட்ட ஒரு வாரம் ஆகும்!