கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ்

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் (அக்டோபர் 1726 – பெப்ரவரி 13, 1798) தமிழ்நாட்டில் பணியாற்றிய செருமானிய லூத்தரன் மறைப்பணியாளர் ஆவார். தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் 48 ஆண்டுகள் வாழ்ந்தார். தஞ்சை மராத்திய மன்னர் துளஜாஜியின் நண்பராகவும் இரண்டாம் சரபோஜி மன்னரின் பாதுகாவலராகவும் விளங்கினார். ஒன்றையொன்று நம்பாத அரசுகளும் குடிகளும் இவர் ஒருவரின் வாக்கை நம்பினர் என்பது இவரது வாழ்வின் தனிச்சிறப்பாகும்.

இளமை

சுவார்ட்ஸ் பிரசிய நாட்டின் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் தற்போது போலந்து நாட்டில் உள்ளது. இளவயதிலேயே தாயை இழந்தார். தாய் இறக்கும் முன் தம் மகனை இறைப்பணிக்கு ஒப்புக்கொடுத்ததாக இவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1746 இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனந்திரும்புதல், கிறிஸ்துவின் வழியாகக் கிடைக்கும் மன்னிப்பில் நம்பிக்கை, அந்நம்பிக்கை அன்றாட நடத்தையில் வெளிப்படுதல் ஆகியவற்றை வலியுறுத்திய பக்தி இயக்கத்தின் மையமாக அந்நகர் அப்போது விளங்கியது. தமிழகத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சு என்பவரிடம் அங்கேயே தமிழ் கற்கத் தொடங்கினார்.

1749 இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 இல் தமிழகம் வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே தரங்கம்பாடியில் தமிழில் அருளுரை ஆற்றினார். பின்னாளில் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்த்துக்கீசம் ஆகிய மொழிகளையும் கற்றார். இவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும்

1762 முதல் சுவார்ட்சின் பணி திருச்சிராப்பள்ளியில் நிலைகொண்டது. அங்குக் கோட்டைப் பகுதியில் 1766 இல் கிறிஸ்து ஆலயம் கட்டப்பட்டது. துளஜாஜியின் அழைப்பின் பேரில் அவ்வப்போது தஞ்சாவூர் சென்று வந்தார். 1773 இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் தஞ்சையைக் கைப்பற்றி மன்னரைச் சிறைப்படுத்தினர். 1776 இல் மன்னர் மீண்டும் அரியணை பெற்றார். 1778 இல் சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் குடியேறினார். சிவகங்கைப் பூங்காவிலுள்ள தேவாலயம் 1779 இல் இவரால் கட்டப்பட்டது.

கிளாரிந்தா

தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திய பிராமணக் கைம்பெண் ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியுடன் வாழ்ந்து வந்தார். அவரிடமிருந்து கிறித்தவ சமயத்தை அறிந்து, தமக்குத் திருமுழுக்கு அளிக்குமாறு சுவார்ட்சைக் கேட்டார். மணமின்றி வாழ்ந்ததைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் மறுத்தார். அதிகாரியின் மறைவுக்குப் பின் அப்பெண் பாளையங்கோட்டையில் வசித்தார். தம் வேண்டுகோளைக் கைவிடவில்லை. 1778 இல் அங்குச் சென்ற சுவார்ட்ஸ் அவருக்குத் திருமுழுக்கு அளித்து கிளாரிந்தா எனப் பெயரிட்டார். முன்பு விலக்கப்பட்ட அவரே அங்கு உருவான திருச்சபையின் முதல் உறுப்பினரானார். அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தை 1785 இல் சுவார்ட்சே அர்ப்பணம் செய்தார்.

ஐதர் அலியிடம் தூது

1779 இல் சென்னை ஆளுநர் ரம்போல்டு, ஐதர் அலியின் எண்ணத்தை அறிய சுவார்ட்சை ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பினார். ஆங்கிலேயரை நம்பாத ஐதர் அலி, சுவார்ட்சை மதிப்புடன் வரவேற்றார். வழிச்செலவுக்காக அவர் அளித்த பணத்தை சுவார்ட்ஸ் அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். பின்னர் அது தஞ்சாவூரில் பள்ளிக்குப் பயன்பட்டது. தூது பயன் தரவில்லை. 1780 இல் ஐதர் அலி கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். ஆயினும் சுவார்ட்சைத் தடையின்றிச் செல்லவிடுமாறு தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார்.

பஞ்சமும் காவிரிப்படுகை உழவர்களும்

அப்போரின்போது காவிரிப்படுகையின் நெல்வயல்கள் பாழாயின. மக்கள் தஞ்சைக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். உணவின்றிப் பலர் இறந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும் அதைக் கொண்டுவர வண்டிமாடுகள் கிடைக்கவில்லை. முன்பு கூலி கொடுக்காமல் ஏமாற்றப்பட்டிருந்ததால் மன்னரின் ஆணையையும் ஆங்கிலேயரின் உறுதிமொழியையும் உழவர்கள் நம்ப மறுத்தனர். கூலிக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் அறிவித்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கிடைத்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கலம் என்பது 12 மரக்கால் ஆகும். அனைவருக்கும் உரிய தொகையை சுவார்ட்ஸ் தம் கையாலேயே கொடுத்தார்.

பின்னர் அதிகாரிகளின் கடும் வரிவசூலால் ஏராளமான குடிகள் ஊரைவிட்டு வெளியேறினர். திரும்பி வருமாறு மன்னர் விடுத்த அழைப்பு பலனளிக்கவில்லை. அநீதி நிகழாது என்று சுவார்ட்ஸ் வாக்களித்தபோது ஒரே நாளில் சுமார் 7,000 பேர் திரும்பினர். சூனில் தொடங்க வேண்டிய சாகுபடி செப்டம்பரில்தான் தொடங்கியது. எனினும் அவ்வாண்டு விளைச்சல் முந்தைய ஆண்டை விஞ்சியதாக சுவார்ட்ஸ் பதிவு செய்துள்ளார்.

சரபோஜியின் பாதுகாவலர்

பிள்ளைகளை இழந்த துளஜாஜி, 1787 இல் சரபோஜியைத் தத்தெடுத்தார். சிறுவனின் பொறுப்பை ஏற்குமாறு சுவார்ட்சை வேண்டினார். அரசுப் பொறுப்பு தமக்கு உரியதன்று எனக் கருதிய சுவார்ட்ஸ், மன்னரின் மாற்றாந்தாய் மகனான அமர்சிங்கை நியமிக்குமாறு கூறினார். துளஜாஜி இறந்ததும் அத்தத்து செல்லாது எனப் பண்டிதர்கள் கூறினர். ஆங்கிலேயர் அமர்சிங்கையே மன்னராக்கினர்.

சுவார்ட்சின் ஆலோசனை சிறுவனுக்குத் தீங்காக முடிந்தது. சரபோஜி அரண்மனையில் அடைத்து வைக்கப்பட்டு, கல்வியும் மறுக்கப்பட்டார். சுவார்ட்ஸ் அவர் சார்பில் ஆங்கில அரசிடம் தொடர்ந்து முறையிட்டார். 1793 இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்குக் கல்வி பெற்றார். தத்து குறித்த விசாரணை மீண்டும் நடைபெற்று, அது செல்லும் என முடிவாயிற்று. 1798 சூனில் சரபோஜி அரியணை ஏறினார். அதைக் காண சுவார்ட்ஸ் உயிருடன் இல்லை.

பிற பணிகள்

1785 அளவில் ஆங்கிலேயப் பிரதிநிதி ஜான் சல்லிவனுடன் இணைந்து தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவ சுவார்ட்ஸ் உதவினார். சிறுவனாக இருந்த வேதநாயக சாஸ்திரியாரைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்து வந்து கல்வி அளித்தார். 1790 இல் சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் அளித்தார்.

விமர்சனங்கள்

மறைப்பணியாளர் ஒருவர் கம்பெனியின் அரசியல் தூதராகச் சென்றது பிற்காலத்தில் விமர்சிக்கப்பட்டது. திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை இவர் முற்றாக அகற்றவில்லை என்ற குறையும் கூறப்படுகிறது.

மறைவும் நினைவுச் சின்னங்களும்

சுவார்ட்ஸ் 1798 பெப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் காலமானார். நோயுற்றிருந்தபோது சரபோஜி நேரில் சென்று அவரைக் கண்டார். இறுதிச் சடங்கிலும் கண்ணீருடன் கலந்துகொண்டார். பின்னர் ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பம் ஒன்றைச் செய்வித்து, சிவகங்கைப் பூங்கா தேவாலயத்தில் நிறுவினார். மரணப் படுக்கையில் இருக்கும் சுவார்ட்சின் கையை மன்னர் பற்றியிருக்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. கல்லறைக்கான ஆங்கிலப் பாடலையும் சரபோஜியே இயற்றினார். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்தில் ஒரு நினைவுச் சின்னம் அமைத்தது. சுவார்ட்சைத் தந்தையாகப் போற்றிய சரபோஜி, இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார்.