ஃப்ளூ வந்தால் மாரடைப்பு அபாயம் கூடுமா? 1850களிலேயே க்ளூ கொடுத்த விர்ஷோ!

மாரடைப்பு என்றாலே நமக்கு கொழுப்புதான் ஞாபகம் வரும். ரத்தக்குழாயின் உட்சுவரில் அழற்சியும் நடக்குது என்று 1850களிலேயே சொன்னவர் ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ஷோ (1821–1902).

1848-ல் டைஃபஸ் காய்ச்சலை ஆராய பிரஷ்ய அரசு அவரை மேல் சைலீசியாவுக்கு அனுப்பியது. வறுமைதான் காரணம், அரசுதான் பொறுப்பு என்று ரிப்போர்ட் எழுதினார். அதே வருஷம் பெர்லின் புரட்சியிலும் இறங்கினார். சும்மா விடுவார்களா? 1849-ல் ஊரைவிட்டு வூர்ஸ்பர்க் போனவர், 1856-ல்தான் பெர்லின் திரும்பினார்.

வியன்னாவின் ரோகிடான்ஸ்கி, அழற்சி வெறும் பின்விளைவுதான் என்று மறுத்தார். மருத்துவ உலகமும் ரொம்ப காலம் கொழுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது தெரிவது இதுதான்: கடும் தொற்றின்போது உட்சுவர் செல்களிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பது குறையும். குழாய் சரியாக விரியாது, ரத்தமும் எளிதில் உறையும். 2018-ல் வெளியான கனடா ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு!