சித்த மருத்துவத்துக்கு அகராதி தந்த போலீஸ் இன்ஸ்பெக்டர்: யார் இந்த டி.வி.சாம்பசிவம் பிள்ளை?

டெங்கு பரவினால் நிலவேம்பு குடிநீர், கொரோனா வந்தபோது கபசுர குடிநீர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எங்கே போனாலும் நாட்டு மருந்துக் கடைகளில் இந்த இரண்டு பெயர்களும் இப்போது சகஜம். ஆனால், நிலவேம்பு கேட்டால் அதையே சிறியாநங்கை என்று சொல்லித் தருபவர்களும் உண்டு. கரிசலாங்கண்ணிக்குக் கரிசாலை, கையாந்தகரை என்று வேறு பெயர்கள். ஒரே செடிக்குப் பல பெயர், சில நேரம் ஒரே பெயரில் பல பொருள். அப்படின்னா, பழைய சுவடியில் இருக்கும் ஒரு பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று ஒரு மாணவர் எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்தவர் டி.வி.சாம்பசிவம் பிள்ளை (1880 - 1953). அவர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் இல்லை. சென்னையில் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.

அகராதி ஏன் தேவைப்பட்டது?

சித்த மருத்துவ நூல்களில் பெரும்பாலானவை செய்யுள் வடிவில் இருப்பவை. ஓலைச்சுவடியில் எழுதப்பட்டு, ஆசானிடம் நேரில் பாடம் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியவை. பல பொருட்களுக்கு மறைபெயர்கள் வேறு. பரிபாஷை என்று அதைச் சொல்வார்கள்.

எளிய உதாரணம், ரசம். நம் வீட்டில் அது சாப்பாட்டுக்கு ஊற்றிக்கொள்வது. சித்த மருத்துவ நூலில் ரசம் என்றால் பாதரசம். வீரம் என்றால் தைரியம் இல்லை, அது பாதரசமும் குளோரினும் சேர்ந்த கடும் நஞ்சு. பூரம் என்பதும் பாதரச உப்புதான், ஆனால் வேறு உப்பு. லிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. இந்தச் சொற்களை மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்து விஷமாகிவிடும்.

ஆசானிடம் படித்தவருக்கு இது பிரச்சினை இல்லை. ஆனால், 1920-களில் நிலைமை மாறத் தொடங்கியது. நாட்டு மருத்துவ முறைகள் பற்றி ஆராய மதராஸ் அரசு உஸ்மான் கமிட்டியை அமைத்தது. 1923-ல் அதன் அறிக்கை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் அரசே இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கி, சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்க ஆரம்பித்தது. வகுப்பறை வந்துவிட்டது. வகுப்பறைக்குத் தேவையான நோக்கு நூல்கள்தான் போதிய அளவில் இல்லை.

தனி மனிதர் செய்த வேலை

இந்த இடைவெளியில்தான் சாம்பசிவம் பிள்ளையின் அகராதி வருகிறது. 1931-ல் அதன் அச்சுப் பகுதிகள் வெளிவரத் தொடங்கின. மருத்துவம், வேதியியல், தாவரவியல், அவற்றைச் சார்ந்த அறிவியல் துறைகள் ஆகியவற்றுக்கான தமிழ் - ஆங்கில அகராதி என்று அதற்குப் பெயர் வைத்தார்.

பெயரே திட்டத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து அதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவது. மூலிகையாக இருந்தால் தாவரவியல் பெயரைக் காட்டுவது. ஒரே சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் அவற்றைப் பிரித்துச் சொல்வது. சித்தர்களைப் பற்றியும் அவர்களின் மருத்துவத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரையும் எழுதினார். தமிழ் படிக்காத மருத்துவரும் ஆய்வாளரும் உள்ளே வர அது ஒரு வாசல்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்று புரிய ஓர் ஒப்பீடு போதும். அதே காலகட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகனை வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அதற்குப் பல்கலைக்கழகம், பதிப்பாசிரியர், அறிஞர் குழு எல்லாம் இருந்தன. சாம்பசிவம் பிள்ளையின் அகராதியில் சுமார் 80,000 சொற்கள் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதன் பின்னால் இருந்தது ஒரே ஒரு மனிதரின் உழைப்பு.

சீனாவில் ஒரு முன்னோடி

இதே சிக்கலைச் சீனா பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. லீ ஷிஜென் (1518 - 1593) என்ற மருத்துவர், பழைய மூலிகை நூல்களில் பெயர்கள் குழம்பிக் கிடப்பதைப் பார்த்தார். சுமார் 27 ஆண்டுகள் உழைத்து, 1,892 மருந்துப் பொருட்களை வகைப்படுத்தி பென்சாவ் காங்மு என்ற நூலைத் தொகுத்தார். அது 1596-ல், அவர் இறந்து 3 ஆண்டுகள் கழித்தே அச்சில் வந்தது. சீன மூலிகை மருத்துவம் படிப்பவர்களுக்கு இன்றும் அது அடிப்படை நூல். நம் நிலவேம்பும் சீன மருத்துவத்தில் பயன்படும் மூலிகைதான், பெயர்தான் வேறு.

பெயர்க் குழப்பம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் எடை குறைக்கக் கொடுத்த சீன மூலிகை மருந்தில், ஃபாங்ஜி என்ற பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு செடிகள் இடம் மாறின. வந்து சேர்ந்த செடி சிறுநீரகத்தை அழிக்கக்கூடியது. சுமார் 100 பெண்கள் பாதிக்கப்பட்டார்கள், பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. அந்தச் செடியின் பேரினத்தைச் சேர்ந்த ஒன்று நம் ஊரிலும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை.

பாதியில் நின்ற அச்சு

லீ ஷிஜென்னுக்கு நேர்ந்ததுதான் சாம்பசிவம் பிள்ளைக்கும் நேர்ந்தது. 1953-ல் அவர் காலமானபோது அகராதி முழுமையாக அச்சேறவில்லை. மீதி கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. இப்படிக் கிடந்து கரையானுக்கு இரையான தமிழ்ச் சுவடிகள் ஏராளம். இது தப்பியது. 1970-களின் பிற்பகுதியில் கோவை ஜி.டி.நாயுடு அறநிலையம் எஞ்சிய பகுதிகளை வெளியிட்டது. 1990-களில் தமிழக அரசின் இந்திய மருத்துவம் - ஓமியோபதித் துறை இந்த அகராதியை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஐந்து தொகுதிகளாக அது இப்போது கிடைக்கிறது.

2019-ல் மத்திய அரசு ஆயுஷ் துறை முன்னோடிகள் 12 பேருக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது, அதில் சாம்பசிவம் பிள்ளையும் இடம்பெற்றார்.

இன்றைக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது?

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவருக்கு இந்த அகராதி முதல் படி. அதுவே கடைசிப் படி ஆகிவிடாது. காரணம், அறிவியல் பெயர்களும் மாறும். கீழாநெல்லியைப் பழைய நூல்கள் பல ஃபில்லாந்தஸ் நிரூரி என்று குறிப்பிடும். இன்று அதை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்கிறார்கள். அதனால் அகராதியில் பார்த்ததைப் புதிய தாவரவியல் நூல்களோடும் அரசின் சித்த மருந்து நூலோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு விஷயம். அகராதி ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லாது. அதற்கு, பதிவு பெற்ற சித்த மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைக் குறிப்பைப் பார்த்துக் கடைக்காரர்கிட்ட பெயரை மட்டும் சொல்லி வாங்கினால், கையில் கிடைப்பது அதே மூலிகைதானா என்ற சந்தேகம் தீராது. அந்தச் சந்தேகத்தை ஒரு போலீஸ்காரர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேள்வியாக எடுத்துக்கொண்டு, சொல் சொல்லாக விசாரித்து எழுதிவைத்ததுதான் இந்த ஐந்து தொகுதிகள்.