டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார்

பிறர் துயர் கண்டு இரங்குதல் எளிது. அத்துயரைக் களையும் வகையை முறையாகக் கற்றுத் தேர்தல் அரிது. அவ்வரிய செயலை ஆற்றியவர் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். பெங்களூரிலிருந்து சென்னைக்கு இரயிலேறும் நம்மவர்க்குக் காட்பாடி சந்திப்பு பழகிய இடம். அதனை அடுத்த வேலூரே அம்மையாரின் தொண்டிற்கு நிலைக்களம்.

1925ஆம் ஆண்டு கேரளத்தில் பிறந்த அவர், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954இல் அவர் சென்ற வண்டி கவிழ்ந்து முதுகுத்தண்டு சிதைந்தது. இடுப்பிற்குக் கீழ் உணர்வும் இயக்கமும் அற்றன. அக்காலத்தில் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்திவந்த டாக்டர் பால் பிராண்டு, அவ்வறுவையை அமர்ந்தவாறே செய்யலாமென ஊக்கினார். அம்மையாரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கத்தியை எடுத்தார். பலர் கைகள் மீண்டும் தொழில் செய்தன.

ஆயினும் அறுவையோடு மருத்துவம் முடிவதில்லை என்பதைத் தம் உடலாலேயே உணர்ந்தார். தண்டுவடம் முறிந்தோர்க்குப் படுக்கைப் புண் வராது காத்தல், கைகளுக்கு வலிவூட்டல், கட்டிலினின்று தாமே நாற்காலிக்கு மாறுதல், பிழைக்க ஒரு தொழில் கற்றல் ஆகிய அனைத்தும் வேண்டும். நம் நாட்டில் முளைவிடும் நிலையிலிருந்த மறுவாழ்வு மருத்துவம் என்னும் இத்துறையைக் கற்க அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பாரிடம் பயின்றார். திரும்பியபின் 1963இல் வேலூரில் இத்துறையின் தலைமையேற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அம்மையார், 1986இல் மறைந்தார்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியையும், அத்தகையோர்க்கு அரசுப் பணியில் நான்கு விழுக்காடு ஒதுக்கீட்டையும் வழங்குகிறது. ஆயினும் சட்டத்தைச் செயலாக்கக் கற்றவர் வேண்டும்.

அன்பர்களே! குறையுள்ள குழந்தையை ஊரார் பார்வைக்கு அஞ்சி வீட்டினுள் வைத்திருப்போர் நம்மிடையே இருப்பின், அக்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். தொழிற்கல்வி தேடும் நம் இளைஞர் இயன்முறை மருத்துவம், சிறப்புக் கல்வி ஆகியவற்றையும் எண்ணிப் பார்க்கட்டும். பேச்சு, செவிப்புலப் பயிற்சிக்கு மைசூரிலேயே அகில இந்திய நிலையம் உள்ளது. விழா மேடைக்கு ஏறும் படிகளருகே ஒரு சரிவுப் பாதை அமைத்தலும் இத்தொண்டின் ஒரு கூறே.