பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு

சர் பெஞ்சமின் தாம்சன், ரம்ஃபோர்டு பிரபு (மார்ச் 26, 1753 – ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற இயற்பியலாளரும் கண்டுபிடிப்பாளரும் நிர்வாகியும் ஆவார். வெப்பம் ஒரு பொருள் அன்று, அது ஒருவகை இயக்கமே என்பதற்குச் சோதனைச் சான்று அளித்தவர். பாய்மங்களில் வெப்பம் நீரோட்டம் போல் நகர்வதை, அதாவது வெப்பச்சலனத்தை, விரிவாக ஆராய்ந்தார். இவர் வகுத்த கணப்படுப்பும் மூடிய சமையல் அடுப்பும் விறகு, நிலக்கரிச் செலவைக் குறைத்து, புகை மண்டிய வீடுகளின் நிலையை மாற்றின. அறிவியலில் பெரும் மதிப்புப் பெற்ற இவர், தனி வாழ்விலும் அரசியலிலும் கடும் கண்டனத்திற்கும் உள்ளானார்.

இளமைக் காலம்

தாம்சன் மாசச்சூசெட்ஸ் குடியேற்றப் பகுதியில் உள்ள வோபர்ன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டார். 13 வயதில் சேலம் நகர வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே வாணவெடி மருந்து கலக்கும்போது வெடித்ததில் படுகாயமுற்றார். பின்னர்ச் சிறிது காலம் மருத்துவம் பயின்றார். ஹார்வர்டு கல்லூரியில் நடைபெற்ற இயற்பியல் விரிவுரைகளைக் கேட்க, நண்பர் லோம்மி பால்டுவினுடன் வோபர்னிலிருந்து நடந்தே சென்று வந்தார்.

1772 ஆம் ஆண்டு நியூ ஹாம்சயரில் உள்ள கான்கார்டில் ஆசிரியரானார். அவ்வூரின் பழைய பெயர் ரம்ஃபோர்டு என்பதாகும். அதே ஆண்டில், தம் 19 ஆம் வயதில், தம்மைவிட மூத்தவரும் செல்வம் மிக்க கைம்பெண்ணுமான சாரா ரோல்ஃப் என்பவரை மணந்தார். 1774 இல் இவர்களுக்கு சாரா என்னும் மகள் பிறந்தார்.

போரும் புலம்பெயர்வும்

ஆளுநர் வென்ட்வொர்த் இவரைப் படைத்தலைவர்களுள் ஒருவராக நியமித்தார். குடியேற்ற மக்களுக்கும் பிரித்தானிய அரசுக்கும் இடையே பகை முற்றியபோது, இவர் அரசின் பக்கம் சாய்ந்தவர் என்று ஊரார் ஐயுற்றனர். 1774 இன் இறுதியில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டு ஊரைவிட்டுத் தப்பியோடினார். அந்த ஐயம் பொய்யன்று. மறை மையில் எழுதிய மடல் வழியே பிரித்தானியத் தளபதி தாமஸ் கேஜின் தரப்புக்கு இவர் 1775 இல் செய்தி அனுப்பினார். 1776 இல் பிரித்தானியப் படை பாஸ்டனைக் கைவிட்டபோது இலண்டன் சென்றார். மனைவியை மீண்டும் காணவே இல்லை. அவர் 1792 இல் இறந்தார்.

இலண்டனில் அமைச்சர் ஜார்ஜ் ஜெர்மெயினின் ஆதரவைப் பெற்றார். வெடிமருந்தின் ஆற்றலை அளக்கும் சோதனைகளைச் செய்து 1779 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போரின் இறுதியில் படையுடன் அமெரிக்கா திரும்பினார். லாங் தீவின் ஹண்டிங்டன் ஊரில் தேவாலயத்தை இடித்து, இடுகாட்டின்மீது கோட்டை கட்டினார். அவ்வூர் மக்கள் இதனை நெடுங்காலம் மறக்கவில்லை.

பவேரியாவில் பணி

1784 இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் சர் பட்டம் பெற்று, பவேரிய ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் பணியில் சேர்ந்தார். மியூனிக்கில் பதினோர் ஆண்டுகள் படைச் சீர்திருத்தத்தையும் ஏழையர் நலத்தையும் கவனித்தார். 1789 இல் அங்குள்ள ஆங்கிலப் பூங்காவைத் தொடங்கி வைத்தார். 1790 சனவரி 1 அன்று நகரின் இரவலர்கள் படையினரின் துணையுடன் பிடிக்கப்பட்டனர். இவர்களுக்கு வேலையும் உணவும் தர ஒரு தொழிலகம் ஏற்படுத்தப்பட்டது. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு ஆகியன சேர்ந்த மலிவான ரம்ஃபோர்டு சூப் இங்கு உருவானதே. பலருக்குக் குறைந்த எரிபொருளில் சமைக்க வேண்டிய தேவையே இவரை அடுப்பு ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது. 1790களின் தொடக்கத்தில் பிரபு பட்டம் கிடைத்தபோது, தாம் தப்பியோடிய ஊரின் பழைய பெயரையே தேர்ந்து கொண்டார்.

வெப்பச்சலன ஆய்வு

கெட்டியான சூப்பும் வேகவைத்த ஆப்பிளும் நீரைவிட நெடுநேரம் சூடாக இருப்பதை இவர் கவனித்திருந்தார். ஒருமுறை சாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றைக் குளிரவைக்கச் சன்னலருகே வைத்தார். வெயில் பட்டபோது, குழாயினுள் இருந்த தூசுத் துகள்கள் நடுவில் மேலேறுவதும் ஓரமாகக் கீழிறங்குவதும் தெரிந்தன. சூடான திரவம் விரிந்து, அடர்த்தி குறைந்து மேலே செல்கிறது. குளிர்ந்த திரவம் கீழே வருகிறது. கெட்டியான உணவில் இந்த ஓட்டம் தடைப்படுவதால் அது மெதுவாகக் குளிர்கிறது என விளக்கினார். மென்மயிரும் கம்பளியும் காற்றின் ஓட்டத்தைத் தடுப்பதாலேயே குளிரைத் தாங்குகின்றன என்றும் காட்டினார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792 இல் இவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கப்பட்டது.

இவரது ஆய்வு 1797 இல் வெளியானது. எனினும் பாய்மங்கள் வெப்பத்தைச் சிறிதும் கடத்துவதில்லை என்ற இவரது முடிவு தவறானது. கடத்தல் குறைவாக இருப்பினும் உண்டு. வெப்பச்சலனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 1834 இல் வில்லியம் பிரௌட் ஆக்கினார்.

கணப்படுப்பும் சமையல் அடுப்பும்

அக்கால இலண்டன் வீடுகளில் நிலக்கரி எரிந்த கணப்படுப்புகள் ஆழமாகவும், அவற்றின் புகைபோக்கி வாய் மிக அகலமாகவும் இருந்தன. அறையின் சூடான காற்று அவ்வாய் வழியே வெளியேறியது. அதன் இடத்தை நிரப்பக் கதவு, சன்னல் இடுக்குகளில் குளிர்காற்று நுழைந்தது. அடுப்பின் முன் அமர்ந்தவருக்கு முகம் சுட்டது, முதுகு குளிர்ந்தது. புகையும் அறைக்குள் திரும்பியது.

1796 இல் வெளியான கட்டுரையில் ரம்ஃபோர்டு கூறிய மாற்றங்கள் எளியவை:

- புகைபோக்கி வாயை 4 அங்குலமாகக் குறுக்கி, நெருப்புக்கு நேர் மேலே அமைத்தல்.
- பின்சுவரை முன்னே கொணர்ந்து ஆழத்தைக் குறைத்தல்.
- பக்கச் சுவர்களைப் பின்சுவருடன் 135 பாகையில் சாய்த்தல். இதனால் முன்வாயின் அகலம் பின்சுவரின் அகலத்தைப் போல் மூன்று மடங்காகும்.
- இரும்பைத் தவிர்த்துச் செங்கல் அல்லது தீக்கல் கொண்டு கட்டி, பக்கச் சுவர்களுக்கு வெள்ளையடித்தல்.
- புகைபோக்கியைத் துப்புரவு செய்வதற்காக வாயருகே கழற்றத்தக்க கல் ஒன்றை வைத்தல்.

திறந்த கணப்படுப்பு அறையை முதன்மையாகக் கதிர்வீச்சினாலேயே சூடாக்குகிறது என்பதை இவர் உணர்ந்திருந்தார். சாய்ந்த சுவர்கள் அக்கதிர்களை அறைக்குள் திருப்பின. அறையின் சுவர்களும் பொருட்களும் சூடேறி, அவற்றைத் தொடும் காற்று வெப்பச்சலனத்தால் பரவியது.

சமையலறையில், திறந்த நெருப்புக்கு மாற்றாக ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிச் சிறு அடுப்பு கொண்ட செங்கல் மேடையை அமைத்தார். பாத்திரம் மேடைக்குள் பாதி இறங்கியிருக்க, தீச்சுவாலை அதனைச் சுற்றிச் சென்றது. சாம்பல் குழியின் கதவும் புகைவழித் தகடும் காற்றை அளந்து விட்டன. 19 ஆம் நூற்றாண்டில் பரவிய வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்புகளிலும் இவ்வாறே காற்று அளந்து விடப்பட்டது.

உராய்வும் வெப்பமும்

மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது ஓயாமல் வெப்பம் தோன்றுவதைக் கண்டார். மழுங்கிய துளைக்கருவியை நீரில் அமிழ்த்தி, குதிரைகளைக் கொண்டு குழலைச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் நெருப்பின்றியே நீர் கொதித்தது. வெப்பம் கலோரிக் என்னும் பொருளாயின், அது எப்போதேனும் தீர்ந்திருக்க வேண்டும் என்பது இவரது வாதம். 1798 இல் ராயல் சொசைட்டியில் இக்கட்டுரை படிக்கப்பட்டது. பலர் உடனே ஏற்கவில்லை. 1840களில் ஜூல் செய்த சோதனைகளுக்குப் பின்னரே கலோரிக் கொள்கை வீழ்ந்தது.

இறுதிக் காலம்

1799 இல் ஜோசப் பாங்க்ஸ் முதலியோருடன் இலண்டனில் ராயல் நிறுவனத்தை நிறுவினார். 1801 இல் இளைஞரான ஹம்ஃப்ரி டேவி அங்குப் பணியமர்த்தப்பட்டார். பின்னாளில் மைக்கேல் பாரடே பணியாற்றியதும் இங்கேயே. நிர்வாகத்தாருடன் பிணக்கு ஏற்படவே 1802 இல் வெளியேறிப் பாரிசு சென்றார்.

1805 இல், கில்லட்டினில் கொல்லப்பட்ட வேதியியலாளர் இலவாசியேயின் மனைவி மரீ ஆனை மணந்தார். கலோரிக் என்ற பெயரை வழங்கச் செய்தவர்களுள் இலவாசியேயும் ஒருவர். இம்மணம் நிலைக்கவில்லை. விருந்தினரை உள்ளே விடாமல் ரம்ஃபோர்டு வாயிலைப் பூட்டியதும், மனைவி சினந்து இவரது பூச்செடிகளில் கொதிநீர் ஊற்றியதும் மகளுக்கு இவர் எழுதிய மடலால் தெரியவருகின்றன. 1809 இல் இருவரும் பிரிந்தனர். பாரிசை அடுத்த ஓத்தேயில் 1814 இல் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மகள் சாரா கான்கார்டு திரும்பி 1852 வரை வாழ்ந்தார்.

நினைவும் தாக்கமும்

ராயல் சொசைட்டிக்கு 1796 இல் இவர் அளித்த 1000 பவுண்டு நிதியால் ரம்ஃபோர்டு பதக்கம் ஏற்பட்டது. அதனை முதலில் பெற்றவரும் இவரே. அமெரிக்கக் கலை, அறிவியல் கழகத்துக்கும் 5000 டாலர் வழங்கினார். தம் விருப்ப ஆவணத்தில், தாம் எதிர்த்துப் போரிட்ட நாட்டின் ஹார்வர்டு கல்லூரிக்குச் சொத்து எழுதி வைத்தார்.

நியூ ஹாம்சயரின் போர்ட்ஸ்மவுத் நகரில், 1807 இல் கட்டப்பட்ட ரண்ட்லெட்-மே இல்லத்தில் இவரது முறையிலான சமையல் அடுப்பும் வாட்டும் கலனும் பேணப்பட்டு வருகின்றன. பழைய நிலக்கரி அடுப்புகளைச் செப்பனிடுவோர் தட்டுகளின் இணைப்புகளைத் தீக்காரையால் அடைப்பதும், கதவோரக் கயிற்றைப் புதிதாக்குவதும், உட்புறத் தீச்செங்கலை மாற்றுவதும் காற்றை அளந்து விடும் பொருட்டே. கண்ட இடத்தில் காற்று நுழைந்தால் எரிதல் கட்டுக்கடங்காது. புகைவழியை முற்றிலும் அடைத்தாலோ நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறையில் சேரும். அடுப்பின்மேல் சூடேறிய காற்று கூரையை ஒட்டிச் சென்று, கதவின் மேற்பகுதி வழியே அடுத்த அறையை அடைகிறது. குளிர்காற்று தரையோரமாக அடுப்பை நோக்கித் திரும்புகிறது. வெப்பமானியின் குழாயில் ரம்ஃபோர்டு கண்ட ஓட்டம் இதுவே.